மல்லாட்டைக் கொல்லையில் நட்ட தேக்கு

"செயற்கைக்கோள்தான் மேலேருந்து எல்லாத்தையும் படம் பிடிக்குதே. அப்புறம் நீங்க எதுக்குப்பா தொப்பியை மாட்டிக்கிட்டு வெயில்ல அலையறீங்க?" என்று என் மகள் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்காரன், "தொப்பி கருப்பா இருக்குல்ல, அது மேலேருந்து தெரியும்" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் போன்ற மற்றப் பிள்ளைகள் படித்தாலும் சரி.

1. குளிக்க வந்தவர்கள்

நான் ஐ.டி.ஐ.யில் சர்வேயர் டிரேடு படித்தவன். உங்கள் தாத்தா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனன்ட். அவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே வந்தோம். எனக்குப் பெர்மனன்ட் கிடைக்கவில்லை. ரோடு போடுகிற கான்ட்ராக்டர்களிடம் அளவுக் கம்பம் பிடித்தேன், அளவுச் சங்கிலி இழுத்தேன். அதற்குப் பிறகு ஒரு கல்லூரி ஆராய்ச்சித் திட்டத்தில் ஃபீல்டு அசிஸ்டன்டாகச் சேர்ந்தேன். இதுவும் கான்ட்ராக்ட்தான்.

வேலை என்னவென்றால், நெய்வேலியைச் சுற்றியிருக்கிற நிலம் வருடா வருடம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. எங்கே பயிர், எங்கே முந்திரி, எங்கே தண்ணீர், எங்கே கட்டடம், எங்கே வெறும் மண். இதற்கு லேண்ட் கவர் என்று பெயர். செயற்கைக்கோள் படத்தைக் கம்ப்யூட்டர் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் கொடுத்துவிடும். அந்த வண்ணம் சரியா என்று நேரில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். நாங்கள் இதை கிரவுண்ட் ட்ரூத் என்போம். என் கையில் ஒரு டேப், அதாவது ஸ்லேட்டு மாதிரி இருக்கிற சின்னக் கம்ப்யூட்டர் கொடுப்பார்கள். அதில் மேப்பும், போக வேண்டிய இடத்துக்கு ஒரு புள்ளியும் இருக்கும். அந்தப் புள்ளிக்குப் போய் நின்று, நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, என்ன இருக்கிறது, போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியது, மாறினால் என்ன காரணம் என்று போட வேண்டும்.

முதல் நாள் ஜீப் டிரைவர் சேகரும் நானும் போனோம். அன்றைய முதல் புள்ளி நீல நிறத்தில் இருந்தது. நீலம் என்றால் நீர்நிலை. சேறாக இருக்குமென்று பேன்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முள்ளில் கால் வைத்து வைத்து நடந்தேன். போய்ச் சேர்ந்த இடத்தில் கம்பிவேலி. உள்ளே வரிசை வரிசையாக சோலார் பேனல். வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா சார், செருப்பக் கையில எடுத்துகினு வர்றீங்க?"

"இங்க ஏரி ஏதாவது இருக்குங்களா?"

"ஏரியா? குளிக்க வந்தீங்களா? கொழாயில தண்ணி வருது, மூஞ்சி வேணா கழுவிக்கினு போங்க."

சேகர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே சிரித்தான். மேடத்துக்குப் போன் போட்டேன். மேடம் என்றால் இந்தத் திட்டத்தை நடத்துகிற பேராசிரியர். நல்ல மனுஷி, கோபமே வராது. "பேனல் கருப்பா, பளபளப்பா இருக்கும். மேலேருந்து பார்த்தா அது தண்ணி மாதிரியே தெரியும். இந்த மாதிரி ஏமாந்துடக் கூடாதுன்னுதான் உங்களை அனுப்பறேன். கால்ல முள்ளு எதுவும் குத்தலையே?" என்றார்.

குத்தியிருந்தது. இல்லை என்று சொன்னேன்.

2. வண்ணங்கள்

இந்த வேலையில் சேர்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது அலுப்பாகத்தான் இருக்கிறது. அலுப்பு வெயிலால் மட்டும் இல்லை.

மேடத்தின் கம்ப்யூட்டரில் பழைய வருடப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தால், சுரங்கம் நகர்ந்து போவது தெரியும். வெட்டுகிற பக்கம் முன்னால் போகப் போக, வெட்டிய மண்ணைக் கொட்டுகிற பக்கம் பின்னாலேயே வரும். கொட்டிய மண் மலையாக நிற்கும். அந்த மலையில் மரம் வைப்பார்கள். சில வருடத்தில் அது பச்சை ஆகிவிடும். கழனியும் பச்சை, மண்மலையும் பச்சை. மொத்தப் பச்சையைக் கூட்டிப் பார்த்தால் பெரிதாகக் குறைந்த மாதிரி இருக்காது. ஆனால் ஒரு பச்சையில் நெல் இருந்தது, இன்னொரு பச்சையில் சீமைக்கருவேலும் தைலமரமும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனி வண்ணமாகப் பிரிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மண்மலையில் ஏறி நின்று மரத்தின் பெயர் எழுதிவிட்டு இறங்கினால், சட்டை முழுக்கப் புழுதி. உங்கள் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

சுரங்கத்துக்குள் தண்ணீர் பொங்கிவிடாமல் இருக்க, அடியிலிருக்கிற தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். இறைத்த தண்ணீர் வாய்க்காலில் வருகிற பக்கம் மூன்று போகமும் பச்சை. வாய்க்கால் போகாத பக்கத்தில் கிணறு வற்றிவிட்டது என்று சொல்வார்கள், போரை இன்னும் ஆழமாகப் போட்டோம் என்று சொல்வார்கள். சுரங்கத்துக்காக ஊர் காலியான இடம் முதலில் வெளிர்நிறமாகும், பிறகு மண்ணின் நிறமாகும், அப்புறம் பள்ளம். டவுன்ஷிப் மட்டும் எல்லா வருடமும் கரும்பச்சை. அந்த மரங்களின் நிழலில் வளர்ந்ததால், டவுன்ஷிப் எல்லையைத் தாண்டினால் வெயில் எப்படி இருக்கும் என்பதே எனக்கு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

இதையெல்லாம் நாங்கள் எழுதிக்கொண்டு வருவோம். எழுதுவதால் எதுவும் நிற்காது. "நாம தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சலைச் சொல்லலாம், மருந்து கொடுக்க முடியாது" என்று மேடம் சொல்வார். அது சரிதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், கலியபெருமாள் கொல்லைக்குப் போகும்வரை.

3. தை மாதம்

கம்மாபுரம் பக்கம் ஒரு புள்ளி. பொங்கல் கழிந்த சமயம். கொல்லை முழுக்க மல்லாட்டை. உங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிலக்கடலை என்று போட்டிருக்கும். மஞ்சள் பூ விட்டு, விழுது மண்ணில் இறங்குகிற பருவம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

புள்ளியைச் சரியாகக் குறிக்க நான் சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பத்தை நட்டேன். சேகர் போட்டோ எடுத்தான். கொல்லைக்காரர் கலியபெருமாள் வரப்பில் ஓடிவந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தோளில் துண்டு, கையில் களைக்கொத்து. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பத்தைத்தான் பார்த்தார்.

"சார், எந்த ஆபீசுங்க?"

"காலேஜுங்க. மேப் போடறோம்."

"மேப்புல என்னா பாப்பீங்க?"

"மரம் எவ்வளவு, பயிர் எவ்வளவு, கட்டடம் எவ்வளவுன்னு பாப்போம்."

"மரம் தனியா, பயிர் தனியாங்களா?"

"ஆமாங்க, தனித்தனிதான்."

அவர் தலையை ஆட்டினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் அடுத்த புள்ளிக்குப் போய்விட்டோம். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

4. மாசி மாதம்

மேடம் போன் செய்தார். குரலில் பரபரப்பு. "அந்த மல்லாட்டைப் புள்ளி ஞாபகம் இருக்கா? போன படத்துல நல்ல பச்சை. இந்தப் படத்துல மொத்தமா காலி. சுத்தியிருக்கிற கொல்லை எல்லாம் அப்படியே இருக்கு, இது மட்டும் போயிடுச்சு. நோயா, தண்ணி நின்னு போச்சா, வேற ஏதாவதா? காரணம் ரொம்ப முக்கியம். உடனே போய்ப் பாருங்க."

போனோம். கொல்லை உழுது கிடந்தது. மண்ணில் வரிசையாகக் குழி. ஒவ்வொரு குழியிலும் விரல் பருமனில் ஒரு தேக்கங்கன்று. பாதி வாடியிருந்தது. ஓரத்தில் ஆடுகள் காய்ந்த மல்லாட்டைச் செடியை மென்றுகொண்டிருந்தன.

கலியபெருமாள் எங்களைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் வந்த மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சார், வாங்க! வருவீங்கன்னு தெரியும். எண்ணிக்குங்க. அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிங்க, வரிசை தப்பாது."

"என்னங்க இது? மல்லாட்டை என்னாச்சு?"

"புடுங்கிட்டேங்க."

"காய் புடிக்கறதுக்கு முன்னாடியா?"

"அளவு எடுக்க நீங்க வந்துட்டீங்களே! மல்லாட்டக்கி என்னா குடுப்பாங்க? மரத்துக்குன்னா தனி மதிப்பு. நீங்கதான சொன்னீங்க, மரம் தனி, பயிரு தனின்னு?"

சேகர் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, காரணம் கேட்டாங்களே மேடம். கிடைச்சிடுச்சு."

பிள்ளைகளே, உங்களுக்கு இது புரிய வேண்டும். இந்தப் பக்கத்தில் வெளியாள் ஒருவன் சிவப்பு வெள்ளைக் கம்பத்தோடு கொல்லையில் இறங்கினால், சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர். எடுக்கும்போது நஷ்டஈட்டில் நிலத்துக்கு ஒரு மதிப்பு, மரத்துக்குத் தனி மதிப்பு. அதனால் அளவு எடுக்க வருகிறார்கள் என்று பேச்சு கிளம்பினாலே, தரிசில் கன்று நடுவார்கள். கலியபெருமாளுக்குத் தரிசு இல்லை. இருந்தது இந்த ஒரு கொல்லைதான், அதில் பயிர் இருந்தது. அந்தப் பயிரைத்தான் பிடுங்கியிருக்கிறார்.

அவர் மனைவி அஞ்சலை, இடுப்பில் குடத்தோடு கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், குடத்தை இறக்கிவிட்டு வந்தார்.

"நல்லா கேளுங்க சார். நான் அப்பவே சொன்னன். காய் எறங்கற நேரத்துல புடுங்காதய்யா, ரெண்டு மாசம் பொறுன்னன். 'உனுக்கு என்னாடி தெரியும், ஜீப்பு வந்துட்டுது'ன்னாரு. இப்ப ஆட்டுக்கு மல்லாட்டத் தழ, எங்களுக்குத் தேக்கு நெழலு. ஒக்காருங்க சார், நெழல்ல ஒக்காருங்க." முழங்கால் உயரக் கன்றைக் காட்டினார்.

"சும்மா இரு நீ. பெரியவங்க பேசிக்கினு இருக்கறப்ப..." என்றார் கலியபெருமாள்.

"பெரியவங்க பேசித்தான் கொல்ல இப்பிடிக் கெடக்குது."

அப்புறம் அஞ்சலை என் பக்கம் திரும்பி, விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டுக் கேட்டார். "சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மாசிப்பட்டம் இன்னும் கொஞ்ச நாளுதான். இப்ப கன்ன எடுத்துட்டு எள்ளு வெதச்சா, போட்டதுல பாதியாச்சும் கெடைக்கும். பக்கத்துக் கொல்லக்காரரு போர்ல எங்க மொறத் தண்ணிய வேற ஆளுக்கு விட்டுறதுக்கு முன்னாடி சொல்லணும். இந்தக் கன்னு கணக்குல வருமா, வராதா?"

கலியபெருமாளும் என் வாயையே பார்த்தார். அந்த வருடத்து வயிற்றுப்பாடு என் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கொஞ்சம் தள்ளிப் போய் மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். மேடம் சொன்னார்: "நாம அளவு எடுக்கற ஆபீஸ் இல்லைன்னு தெளிவாச் சொல்லிடுங்க. ஆனா நடுங்க, புடுங்குங்கன்னு எதுவும் சொல்லிடாதீங்க. நாளைக்கு நிஜமாவே நிலம் எடுக்க வந்தா, நம்ம பேச்சைக் கேட்டுக் கன்றைப் புடுங்கினவங்களுக்கு நஷ்டமாயிடுமே?"

அவர் சொன்னதும் நியாயம்தான். நிலம் எடுப்பார்களா மாட்டார்களா என்று மேடத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புடுங்குங்கள் என்று சொன்னாலும் தப்பாகலாம், விட்டுவையுங்கள் என்று சொன்னாலும் தப்பாகலாம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்றும் சொல்லாமல் ஜீப்பில் ஏறிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

திரும்பி வந்து சொன்னேன்: "ஐயா, நாங்க நிலம் எடுக்கற ஆளுங்க இல்லை. நாங்க எழுதறதால உங்களுக்கு ஒரு பைசா வராது, ஒரு பைசா போகாது. நிலம் எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

கலியபெருமாள் முகம் மாறிவிட்டது. "சார், எல்லா ஆபீஸ்லயும் இப்பிடித்தாங்க சொல்லுவாங்க. கடைசியில பாத்தா லிஸ்ட்டுல நம்ம பேரு இருக்காது. என் கன்ன எண்ணாம போறதுக்கு வழி பாக்கறீங்க."

என்ன சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை. டேப்பை எடுத்தேன். இரண்டு படத்தையும் திறந்து அவர் கையில் கொடுத்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. அவர் துண்டை எடுத்துத் தலையோடு சேர்த்து மூடிக்கொண்டு பார்த்தார். அஞ்சலையும் துண்டுக்குள் தலையை நுழைத்தார்.

"இது தை மாசம். இந்தப் பச்சை உங்க கொல்லை. இது போன வாரம். அதே இடம்."

"சுத்திப் பச்சையா இருக்குது. நடுவுல செங்கல்லு மாதிரி ஒண்ணு..."

"அதுதாங்க."

"இதுல கன்னு எங்க?"

"தெரியாதுங்க. இவ்வளவு சின்னக் கன்று இந்தப் படத்துல விழாது."

துண்டுக்குள் இரண்டு தலையும் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தன. பிறகு கலியபெருமாள் சொன்னார்: "அப்ப, மேலேர்ந்து பாத்தா நான் ஒண்ணுமே வெக்கல."

"கீழேர்ந்து பாத்தாலும் அப்பிடித்தான் இருக்குது" என்றார் அஞ்சலை.

யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலையும் சிரிக்கச் சொல்லவில்லை. துண்டிலிருந்து தலையை எடுத்தார், நேராகப் போய் முதல் வரிசையில் குனிந்து ஒரு கன்றை வேரோடு எடுத்தார். அதை வீசி எறியவில்லை. வரப்பு ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார். பிறகு அடுத்தது.

"ஏய், இரு. கொஞ்சம் இரு" என்றார் கலியபெருமாள். அந்தம்மா நிற்கவில்லை. கலியபெருமாள் என்னைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். பிறகு, "வரப்புல நட்டுடலாம். எல்லாத்தயும் எடுக்காத, வரப்புக்கு ஆவற அளவுக்கு நல்லதாப் பாத்து எடு" என்று கத்திக்கொண்டே அவரும் இறங்கிவிட்டார்.

நான் காரணத்தைப் போட வேண்டும். டேப்பில் காரணங்கள் வரிசையாக இருந்தன: தண்ணீர்ப் பற்றாக்குறை, பூச்சி நோய், நிலம் கையகப்படுத்தல், கட்டடம், வெள்ளம். நாங்கள் வந்ததே காரணம் என்று அதில் இல்லை. "இதர" என்று போட்டேன். கீழே எழுதுவதற்கு இடம் இருந்தது. "சர்வே கம்பத்தைப் பார்த்துப் பயிரை அழித்துவிட்டார்" என்று எழுதினேன். மேடம் அதைத் திருத்தவில்லை. அடுத்த கூட்டத்தில் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டினார். "தெர்மாமீட்டர்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அது உடம்புல படாம காய்ச்சல் பாக்க முடியாதுல்ல" என்றார்.

5. அதற்குப் பிறகு

சித்திரையில் அந்தப் புள்ளிக்கு மறுபடி போனோம். எள் பூத்து, கீழ்க் காய்கள் முற்றிக்கொண்டிருந்தன. விதைப்பு பட்டத்தின் கடைசியில் விழுந்ததால் பயிர் செழிப்பாக இல்லை, அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. வரப்புத் தேக்கில் கொஞ்சம் பிழைத்திருந்தது. கலியபெருமாள் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு, கிட்டே வராமல் போர் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அஞ்சலைதான் வந்தார்.

"எள்ளுன்னு எழுதிக்குங்க. மரம்னு எழுதாதீங்க, அவரு திரும்பவும் ஆரம்பிச்சிடுவாரு."

"விளைச்சல் எப்படிங்க?"

"வெதச்சதுக்கு மேல கொஞ்சம் வரும். இந்த வருசம் ஆடுதான் நல்லா இருந்திச்சு" என்றார்.

நிலம் எடுக்க இதுவரை யாரும் வரவில்லை. வர மாட்டார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். நாம் ஒரு நிலத்தைப் பார்க்கப் போகும்போது, அந்த நிலத்துக்காரர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டுதான் கால் வைக்க வேண்டும். நீங்கள் படித்துப் பெரிய வேலைக்குப் போனாலும், கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்தாலும், அந்தப் புள்ளியில் ஒருவர் நிற்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

இப்போதெல்லாம் ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிடுகிறோம். கம்பம் ஜீப்பை விட்டு இறங்காது. முதலில் ஆளைத் தேடிப் போவேன். கும்பிட்டு, பெயரைச் சொல்லி, நாங்கள் யார் இல்லை என்பதை முதலில் சொல்வேன். நிலம் எடுக்கிறவர்கள் இல்லை, மரம் எண்ணுகிறவர்கள் இல்லை, எங்களால் ஒன்றும் வராது, ஒன்றும் போகாது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சிலர் நம்புகிறார்கள்.

போன வாரம் ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரிங்க, புரியுதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கன்னு எத்தினி அடி ஒசரம் இருந்தா சார் அந்தப் படத்துல தெரியும்?" என்று கேட்டார்.

அவர் கொல்லையில் உளுந்து பூத்திருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.